பதினொரு நாள் திறந்திருந்த கதவு

மார்ச் 3, திங்கள்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே மழை. பார்மசிக்கு மேல் மாடியில் எங்கள் ஒபிஸ்: மூன்று மேசை, நான்கு கம்ப்யூட்டர், நான், மிலான் அண்ணன். ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் இணையத்தளம் செய்துகொடுக்கிறோம். முதலாளி அவர், மற்ற எல்லாம் நான். இன்று நுவரெலியா ஹோட்டல் ஒன்றுக்கு ஸ்ட்ரோபெரி படம் மாற்றினேன். பகலுக்கு ரொட்டி.

அம்மா இப்போதெல்லாம் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்புகிறார். நாற்பத்தேழு வயதுதான். குளிர் காதில் அடைத்திருக்கிறது என்கிறார். எண்ணெய் காய்ச்சி விடவா என்றேன். வேண்டாமாம்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு மின்னஞ்சல். முறைப்பாட்டுத் தளத்தில் நாங்கள் போட்டிருக்கும் பிளகினில் ஓட்டை. பிளகின் என்பது வேறு யாரோ எழுதிய சின்ன மென்பொருள். தளத்துக்குள் செருகிக்கொண்டால் படிவம் தானாக வேலை செய்யும். வந்து சேர்ந்த படிவங்களை ஒரே கோப்பாக இறக்கும் வழி ஒன்று அதில் இருக்கிறது. இறக்குபவர் உள்நுழைந்தவரா என்று அது கேட்பதே இல்லையாம். சரியான லிங்க்கைத் தெரிந்த எவரும் இறக்கலாம். ஆபத்து அளவு பத்துக்கு ஒன்பது தசம் எட்டு. திருத்திய பதிப்பு வந்துவிட்டது, உடனே போடுங்கள் என்று இருந்தது.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெண்களை அடிக்கிற, தப்பாகக் கூப்பிடுகிற கங்காணிமாரைப் பற்றி இரகசியமாகச் சொல்வதற்காக ஏஞ்சலா மிஸ்ஸின் மகளிர் அமைப்பு கேட்டுச் செய்த தளம் அது. ஹோட்டல் தளம் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மார்ச் 5, புதன்

சொன்னேன். பாதிதான் சொன்னேன். மிலான் அண்ணன் போனில் இருந்தார். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வைத்த பிறகு சொன்னார்:

"ஓடுற சைட்ட தொடாத தங்கச்சி. ஜனவரியில தொட்டியே, என்னாச்சி?"

ஜனவரியில் ஹோட்டல் தளத்தில் ஒரு புதிய பதிப்பைப் போட்டேன். பக்கம் உடைந்து தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகியது. வாடிக்கையாளர் முன்னாலேயே அண்ணன், "டிகிரி முடிச்சிட்டு வந்து நமக்கு ஆப்பு வைக்குது" என்று சிரித்தார். அந்த ஆளும் சிரித்தார். நான் பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஒரு பட்டன்தான். கடவுச்சொல் என்னிடமே இருக்கிறது. என் விரலுக்கும் அதற்கும் நடுவே அந்தச் சிரிப்பு.

மார்ச் 7, வெள்ளி

சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டாவது மின்னஞ்சல். ஓட்டையை வைத்து ஆட்கள் தளங்களைத் தேடத் தொடங்கிவிட்டார்களாம். எப்படி இறக்குவது என்று படிப்படியாக எவனோ வீடியோவே போட்டிருக்கிறான். பேச வராது என்று தெரிந்து, ஒரு துண்டில் எழுதி அண்ணனின் திரையில் ஒட்டினேன். மத்தியானம் பார்த்தால் துண்டின் பின்பக்கத்தில் யாருடையதோ போன் நம்பர்.

யார் வந்து இதைத் தேடப் போகிறார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். படிவத்தில் பெயர் கேட்கவில்லையே. அது என் யோசனை. போன வருடம் ஏஞ்சலா மிஸ்ஸின் கூட்டத்தில், பெயர் கேட்டால் பயப்படுவார்கள், பெயர் இல்லாவிட்டால் பொய் முறைப்பாடு வரும் என்று எல்லோரும் இழுத்தடித்தபோது, "செக்ரோல் நம்பர் மட்டும் போதும்" என்றேன். தோட்டத்து வேலைப் பதிவில் ஆளுக்கொன்றாக இருக்கும் நம்பர். நான் ஒரு கூட்டத்தில் வாய் திறந்த ஒரே தடவை. மிஸ் கைதட்டினார்.

மார்ச் 14, வெள்ளி

திங்கட்கிழமை அண்ணனைக் கேட்காமலே போட்டுவிடுவேன். உடைந்தால் உடையட்டும். திங்கள் நிச்சயம்.

மார்ச் 17, திங்கள்

கைய ஒடச்சிட்டானுங்க. அம்மாவோட கொழுந்து எடுக்கிற நாகலெட்சுமி அக்காவோட கைய.

ஒழுங்காக எழுது. நடந்ததை நடந்தபடி எழுது.

காலை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒபிஸ் போய்ச் சேரப் பதினொன்றாகிவிட்டது. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்னே அம்மாவின் அழைப்பு. "வா" என்றார். அப்படியே திரும்பிவிட்டேன்.

அம்மாவெல்லாம் காலை நிறுவைக்குத் தேயிலைக் கொழுந்தைக் கொண்டுபோனபோது மடுவத்துத் தூணில், அந்த நிறுவைக் கொட்டகைத் தூணில், கடதாசி ஒட்டியிருந்ததாம். முறைப்பாட்டுத் தளத்துக்கு எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசன் பெண்கள் அனுப்பியவை. அச்சடித்து, போட்டோ பிரதி எடுத்து. ஒவ்வொன்றுக்கும் முன்னால் செக்ரோல் நம்பர்.

சின்னத்தம்பி கங்காணி தராசுக்குப் பக்கத்தில் நின்று, தினமும் நிறுவைக்குக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டிருக்கிறான்.

"நூத்தி எம்பத்தேழு."

நாகலெட்சுமி அக்கா பழக்கத்தில் "இங்க" என்று கையைத் தூக்கியிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக அந்த நம்பருக்குத் தூக்கிய கை. அக்கா தூணைப் பார்க்கவே இல்லை, பின்னால் நின்றிருக்கிறார்.

அவன் முதல் பக்கத்தை வாசித்தான். ஏழாம் நம்பர் மலையில் அவன் தன் தலைமயிரைப் பிடித்து இழுத்தான் என்று அக்கா எழுதியிருந்ததை, ஒரு சொல் மாறாமல், பெண் குரலில் நடித்து வாசித்தான். இரண்டு மூன்று ஆம்பளைகள் சிரித்தார்கள். பிறகு தராசுக்கு அடியில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தான். தூக்கிய கையின் மணிக்கட்டைத் தூணோடு வைத்து அடித்தான். மூன்று தரம். மூன்றாவது அடியில் சத்தம் வேறு மாதிரி இருந்தது என்று அம்மா சொன்னார். பச்சைக் கொப்பை முறிக்கிற சத்தம். அக்காவின் கூடையைக் கவிழ்த்து அவர்மேலேயே கொட்டினான். "இந்தா, இதையும் எழுது."

யாரோ வாந்தியெடுத்தார்களாம். தராசு ஆடிக்கொண்டே இருந்ததாம்.

செக்ரோல் நம்பர். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, மூன்று தரம் மலை கேட்கக் கூப்பிடுகிற நம்பர். எங்கள் வரிசை வீடுகளில், லயத்துச் சின்னப்பிள்ளைக்குக்கூட யார் நம்பர் எது என்று தெரியும். பெயரைவிட அதுதான் தெரியும். சின்ன வயதில் மடுவத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் நின்று கேட்டவள் நான். யூனிவர்சிட்டிக்குப் போய் இதை மறந்துட்டியா? என்னத்தடி படிச்ச?

மார்ச் 18, செவ்வாய்

ஏழரைக்கே ஒபிஸைத் திறந்தேன். முதல் வேலையாகப் புதிய பதிப்பைப் போட்டேன். பக்கம் உடைந்தது. தமிழெல்லாம் கட்டம். அதைப் பார்க்க எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தளத்தை மொத்தமாக மூடினேன்.

பிறகு லொக் என்கிற பதிவேட்டைத் திறந்தேன். தளத்துக்கு யார் வந்தாலும் நேரமும் முகவரியும் அதில் விழும். பதினைந்தாம் திகதி சனிக்கிழமை, மாலை 4.12. ஒரு போனிலிருந்து. உள்நுழையவில்லை. நேராக அந்த லிங்க். கோப்பு இறங்கியிருக்கிறது. 4.13க்கு மீண்டும் ஒருமுறை, சரியாக வந்ததா என்று பார்க்க.

நான்காம் திகதியிலிருந்து பதினைந்து. பதினொரு நாள்.

அண்ணன் வந்தார். சொன்னேன். முகம் செத்துப்போனது. கதவைச் சாத்தினார்.

"அந்த லொக்க அழி. வெளிநாட்டு ஹெக்கர்ஸ்னு ஏஞ்சலா மிஸ்ஸுக்கு மெயில் போடு. நீயும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். எனக்கு எப்போதும் ஆடுகிற தலை. அவர் கீழே தேத்தண்ணிக்குப் போனதும் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகுதான் அழித்தேன்.

ஏற்றும்போது அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எங்கள் டிவிசனிலிருந்து ஒன்பது வரிகள். ஒன்பதாவது வரி, பெப்ரவரி 20:

"214. நிறை குறைத்ததைக் கேட்டதற்குக் கங்காணி கன்னத்தில் அடித்தார். இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை. மகளுக்குத் தெரிய வேண்டாம்."

இருநூற்றுப் பதினான்கு அம்மா.

மாலை

அம்மாவிடம் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடைக்கு அடியிலிருந்து மடித்த கடதாசியை எடுத்து என் முன்னால் வைத்தார். அச்சடித்ததன் இரண்டாம் பக்கம். எல்லோரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் தூணிலிருந்து கிழித்திருக்கிறார். அவர் வரி அதில் இருந்தது. நாகலெட்சுமி அக்காதான் தன் போனில் அம்மாவுக்காக அடித்துக்கொடுத்தாராம்.

"கிழிச்சி என்னம்மா, அவன் போன்ல இருக்குமே" என்றேன்.

"தெரியும்."

பிளகினைப் பற்றிச் சொன்னேன். வெளியிலிருந்து வாங்கி மாட்டுகிற கதவு மாதிரி என்றேன். அம்மா வலது பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டார். அந்தத் திருப்பல் இப்போது எனக்கு வாசிக்கத் தெரிகிறது.

"கதவு செஞ்சவன் பூட்டு வைக்கலயா?"

"பூட்டு அனுப்பினான். நான் மாட்டல."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினார். "ஏன் பாப்பா?"

மிலான் அண்ணன் சிரிப்பாரென்று பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. சோறு போட்டார்.

மார்ச் 20, வியாழன்

மஸ்கெலியா பஸ்ஸில் மதுரன். கங்காணியின் மகன், ஹட்டனில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறான், என்னைவிட நான்கு வயது இளையவன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நகர இடமில்லை.

"ஒங்க சைட் செமயா இருந்திச்சிக்கா. அடியில ஒங்க கம்பனி பேரு போட்டிருந்திச்சி."

ஜன்னலைப் பார்த்தேன்.

"ஹெக் எல்லாம் பண்ணலக்கா, நெனச்சிராதீங்க. ஒரு வீடியோ பாத்தேன், ஒரு லிங்க் அடிச்சேன். எங்க கோர்ஸ்ல படிப்பிக்கிற சேரே சொல்லுவாரு, அப்டேட் போடாதவன் வீட்டுல திருடன் கதவத் தட்ட மாட்டான்னு." சிரித்தான். எழும்போது குனிந்து, "எரநூத்தி பதினாலுக்கு அப்பா சொகம் கேட்டாருன்னு சொல்லுங்க" என்றான்.

எனக்கு அவன் கழுத்து தெரிந்தது. சவரம் செய்த இடத்தில் சின்னக் காயம். அதில் என் குடைக் கம்பியை ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படி ஒன்று எனக்குள் இருக்கிறது என்று இதுவரை தெரியாது.

பொலிஸுக்குப் போவோம் என்றேன் அம்மாவிடம். ஞாயிறு பூசை முடிந்து ஏஞ்சலா மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். மூன்று நாள். நானும் சரி என்றேன். மறுபடியும்.

மார்ச் 22, சனி

ஆஸ்பத்திரியில், பொலிஸ் காவலில், இடது கையால் காகிதத்தைப் பிடித்து எழுதுகிறேன். வலது உள்ளங்கை வெந்திருக்கிறது, பேனா பிடிக்க மட்டும் முடிகிறது.

நேற்று மாலை ஐந்தரை. நான் வந்து பத்து நிமிடம். தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே, லயத்தின் முதல் காம்பரா வீட்டிலிருந்து, உள்ளே கதவுக் கொண்டிகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம். டக். டக். டக். எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. அதிலேயே தெரிந்துவிட்டது யார் வருகிறார்களென்று.

அப்பா செத்து ஆறு வருடம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வாசலில் நின்று கூப்பிட்டான். மடுவத்துக் குரல்.

"எரநூத்தி பதினாலு!"

அவன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. பின்னால் மதுரன் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு. எடுத்து எல்லோருக்கும் அனுப்புவதற்கு. அம்மா என்னை மறைத்துக்கொண்டு கையைத் தூக்கினார். கத்தி முன்கையில் விழுந்தது. முதலில் வெள்ளையாகத்தான் தெரிந்தது. பிறகுதான் சிவப்பு. சுவரில், மாதா படத்தில், என் வாயில்.

"இன்னொரு காதையும் கேக்காம பண்றேன்டி" என்றான். எவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது.

கேத்தலைத் தூக்கியது நான். மூடி விழுந்து நீராவி வந்தது, தண்ணீர் முழுதும் அவன் முகத்திலும் கழுத்திலும் போனது. அவன் கத்தியைப் போட்டுவிட்டு மண்டியிட்டான். அங்கே நிறுத்தியிருக்கலாம். தற்காப்பு என்று ஏஞ்சலா மிஸ் அனுப்பிய சட்டத்தரணி சொல்கிறது அதுவரைக்கும்தான். நான் கேத்தலால் அடித்தேன். கைப்பிடி கழன்ற பிறகும் கேத்தலின் உடம்பைச் சூட்டோடு பிடித்து அடித்தேன். கூப்பிடு, இப்ப கூப்பிடு, நம்பர கூப்பிடுறா என்று கத்தினேனாம். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. மதுரனின் வீடியோவைப் பார்த்துப் பொலிஸில் எண்ணினார்கள். ஆறு.

மதுரன் அப்பனைத் தூக்கக் குனிந்தபோது போன் விழுந்தது. அம்மா அதை இரத்தக் கையோடு எடுத்துச் சேலைக்குள் செருகிக்கொண்டார். அந்த நிலையிலும்.

அதன் பிறகுதான் கொண்டிகள் திறந்தன.

அம்மாவுக்குப் பதினொரு தையல்.

மார்ச் 24, திங்கள்

பிணையில் விட்டார்கள். சின்னத்தம்பிக்கு ஒரு கண் மூடியிருக்கிறது. பொலிஸ் காவலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மதுரன் உள்ளே.

வாக்குமூலம் சிங்களத்தில் சொன்னேன். நாக்குத் தடுக்கவில்லை. ஆறு அடியையும் ஒத்துக்கொண்டேன். பென் டிரைவையும் கொடுத்தேன். 4.12, 4.13. மதுரனின் போனில் இறக்கிய கோப்பு இன்னும் இருந்தது.

வெளியே வந்ததும் ஏஞ்சலா மிஸ்ஸின் சட்டத்தரணி கேட்டார், இந்த ஓட்டை உங்களுக்கு எப்போது தெரியும் என்று. பக்கத்தில் மிஸ். பதினெட்டாந் திகதி என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"நாலாந் திகதி" என்றேன்.

மிஸ் என்னைப் பார்க்காமல் முச்சக்கரவண்டிக்குள் ஏறினார்.

மார்ச் 25, செவ்வாய்

மிலான் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி: இனி வர வேண்டாம், சாவியைப் பார்மசியில் கொடு.

மார்ச் 30, ஞாயிறு

நாகலெட்சுமி அக்காவைப் பார்க்கப் போனேன். கை முழங்கை வரை கட்டு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள், விரல் மடங்காது, கொழுந்து எடுக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அவர் பிள்ளை மடியில் தூங்கியது.

நின்றபடியே சொன்னேன். மின்னஞ்சல், பட்டன், அண்ணனின் சிரிப்பு, நம்பர் என்பது என் யோசனை, எல்லாம். அழக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்திருந்தேன். அழவில்லை.

அக்கா கேட்டார், "எத்தன நாளு?"

"பதினொரு நாள்."

"பட்டன அமுக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு நிமிஷம்."

அக்கா தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கட்டுப்போட்ட கையை மெதுவாகத் தூக்கி என் மடியில் வைத்தார். வைத்துவிட்டு எடுக்கவில்லை. செங்கல் மாதிரி பாரம். "புடி. கொஞ்ச நேரம் நீ புடிச்சிரு. எனக்கு வலிக்குது."

அரை மணி நேரம் பிடித்திருந்தேன். மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஏஞ்சலா மிஸ் வீட்டுக்கே வந்தார். தளத்தை மீண்டும் திறக்க வேண்டுமாம், நானே செய்ய வேண்டுமாம்.

என்னை நம்பியா என்று கேட்டேன்.

"நம்பியில்ல. நீ இனிமே தூங்க மாட்ட. அதுக்காக."

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். பூசைக்குப் போகவில்லை. படிவத்திலிருந்து நம்பர் பெட்டியை எடுத்தேன். முறைப்பாடு வந்ததும் மிஸ்ஸின் கணினிக்குப் போய்விடும், தளத்தில் எதுவும் தங்காது. இறக்குவதற்கு ஒன்றுமே இருக்கக்கூடாது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இரவில் கேத்தல் கனவு. கனவில் நான் நிறுத்துவதில்லை. விழித்த பின்னும் நிறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது?

மே 19, திங்கள்

நீதிமன்றம். தவணை தள்ளிப்போனது. நான் ஒரு கூண்டில், அவன் ஒரு கூண்டில். ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான். நானும் பார்த்தேன். முன்பென்றால் குனிந்திருப்பேன்.

தோட்டம் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. மடுவத்தில் இப்போது புதிய கங்காணி. பழைய பழக்கத்தில் "எரநூத்தி பதினாலு" என்று கூப்பிட்டானாம். அம்மா அசையவில்லை. காது கேட்கவில்லையென்று இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறான். "பேரச் சொல்லிக் கூப்புடு, வாரேன்" என்றாராம். பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. அன்றைய நிறுவை அரை மணி நேரம் பிந்தியது.

ஜூன் 3, செவ்வாய்

நாகலெட்சுமி அக்கா முதல் தடவையாக எங்கள் காம்பராவுக்கு வந்தார். பிள்ளை இடுப்பில்.

"புதுசுல என்னோடத முதல்ல போடு. அடிச்சதையும் சேர்த்து."

பெயர் தேவையில்லைக்கா, எந்த அடையாளமும் வேண்டாம் என்றேன்.

"அது மத்தவங்களுக்கு. எனக்குப் போடு. நாகலெட்சுமி வீரய்யா. கீழ் டிவிசன்."

சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அனுப்பும் பட்டனை அவர்தான் அழுத்தினார், இடது கையின் சுட்டுவிரலால். போகும்போது, மற்றப் பெண்களுக்கும் தானே அடித்துக்கொடுக்கப்போவதாகச் சொன்னார். கொழுந்துக்குத்தான் முடியாது, போனுக்கு ஒரு விரல் போதும்.

ஜூலை 8, செவ்வாய்

காலை 6.20க்கு மின்னஞ்சல். வேறொரு பிளகின், சின்ன ஓட்டை, ஆபத்து பத்துக்கு நான்கு. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. 6.21க்குப் போட்டேன். பக்கம் உடைந்தது, தமிழெல்லாம் கட்டம் கட்டமாக.

ஏழு மணிக்கு அக்காவின் அழைப்பு. மேல் டிவிசனிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், கன்னம் வீங்கியிருக்கிறது, படிவம் திறக்கவில்லை என்றார்.

"பூட்டு மாத்திட்டு இருக்கேன்கா. ஒரு மணி நேரம் ஆவும்."

பின்னால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மாத்து" என்றார். "நல்லா மாத்திட்டுச் சொல்லு. இவள நான் பாத்துக்குறேன்."